மழை எங்கே, மந்தை அங்கே!

ஒரத்தநாடு பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேள்வி-பதில் பகுதிக்கு இப்படி எழுதியிருந்தார்: ‘‘ஆப்பிரிக்கா போய் சிங்கம், யானை, ஆற்றைக் கடக்கும் மந்தை எல்லாம் பார்த்துவர வேண்டும் என்று நானும் என் மனைவியும் பல வருடங்களாகச் சீட்டுக் கட்டிப் பணம் சேர்த்திருக்கிறோம். பயண ஏஜென்ட், ‘ஆகஸ்ட்தான் சீசன், மற்ற மாதம் போனால் பணம் வீண்’ என்கிறார். ஆகஸ்ட்டில் எனக்குச் சம்பா நாற்றங்கால் வேலை. எங்களால் ஒரு முறைதான் போக முடியும். எந்த மாதம் போகலாம்?’’

ஆசிரியர் இந்தக் கேள்வியை எனக்கு அனுப்பிவைத்தார். கோபி பக்கம் கறவை மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவன் நான். கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு இரண்டு முறை போய் வந்திருக்கிறேன். முதல் முறை தப்புக் கணக்கோடு போனேன். இரண்டாம் முறை கொஞ்சம் விவரம் தெரிந்து போனேன். இதற்கு ஒரு மாதத்தின் பெயரை மட்டும் பதிலாகச் சொல்லிவிட முடியாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மூன்று நாள் காவல்

முதல் பயணம் ஒரு ஆகஸ்ட் மாதம். என்னை அனுப்பிய ஏஜென்ட்டும் ‘சீசன் இதுதான், ஆற்றைக் கடப்பது உறுதி’ என்றுதான் சொன்னார். நைரோபியில் இறங்கி, ஐந்தாறு மணி நேரம் ஜீப்பில் போனால் மசாய் மாரா. கென்யாவின் தென்மேற்கு மூலையில், சுமார் 1,510 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காப்பகம். அதன் தெற்கு எல்லையைத் தாண்டினால் தான்சானியாவின் செரெங்கெட்டி தேசியப் பூங்கா. அது 14,763 சதுர கிலோமீட்டர். இரண்டு நாடு, இரண்டு பெயர், ஆனால் விலங்குகளுக்கு ஒரே மேய்ச்சல் காடு. நடுவில் வேலி கிடையாது.

வடக்கே மாவ் காட்டில் பிறந்து விக்டோரியா ஏரிக்குப் போகும் மாரா ஆறு இதற்குள் ஓடுகிறது. அந்த ஆற்றங்கரையில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தோம். எதிர்க்கரையில் வைல்டுபீஸ்ட் மந்தை. மாட்டின் தலை, குதிரையின் வால், மானின் கால், ஆட்டின் தாடி என்று நாலு பிராணியிடம் கடன் வாங்கிய உடம்பு அதற்கு. ஆயிரக்கணக்கில் வந்து கரையில் நிற்கும். முன்னால் நிற்பது தண்ணீரை முகர்ந்து பார்க்கும். பின்னாலிருப்பவை நெருக்கும். இதோ இறங்கப்போகிறது என்று கேமராவைத் தூக்கினால் மொத்த மந்தையும் திரும்பி, வந்த வழியே போய்விடும்.

இரண்டாம் நாள்தான் ஒன்று கவனித்தேன். எங்கள் பக்கத்துக் கரையில் நாற்பது வண்டிக்கு மேல் வரிசையாக நின்றன. மந்தை ஏறிவர வேண்டிய சரிவையே நாங்கள்தான் அடைத்துக்கொண்டிருந்தோம். தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் பத்துப் பேர் நின்றுகொண்டு, ‘மாடு ஏன் குடிக்க வரவில்லை’ என்று கேட்பது போலத்தான் இருந்தது. நான்காம் நாள் காலை நாங்கள் நைரோபிக்குத் திரும்பும் வழியில் டிரைவரின் ரேடியோவில் செய்தி வந்தது. வேறொரு துறையில் மந்தை கடந்துவிட்டதாம்.

சிங்கம் பார்த்தேன், யானை பார்த்தேன், பயணம் வீண் இல்லை. ஆனால், எதற்காகப் பணம் கட்டினேனோ அதைப் பார்க்கவில்லை. டிரைவரிடம் புலம்பினேன். ‘‘மந்தைக்குக் காலண்டர் தெரியாது சார். அது மழையைப் பார்த்துப் போகும். நீங்கள் தேதியைப் பார்த்து வந்திருக்கிறீர்கள்’’ என்றார். மானாவாரி வெள்ளாமை பார்த்த குடும்பத்தில் பிறந்த எனக்கு அதை ஒருத்தர் சொல்லித் தெரிய வேண்டியிருந்தது.

இரண்டு மழை, ஒரு வட்டம்

நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழை இருப்பது போல அவர்களுக்கும் இரண்டு மழை உண்டு. மார்ச் முதல் மே வரை பெய்யும் பெருமழைக்கு சுவாஹிலி மொழியில் ‘மசிகா’ என்று பெயர். அக்டோபர் கடைசியில் தொடங்கி டிசம்பர் வரை பெய்யும் சிறுமழை ‘வூலி’. ஜூன் முதல் அக்டோபர் வரை நீண்ட வறட்சிக் காலம். ஜனவரி, பிப்ரவரியில் மழை குறையும், ஆனால் முழுதாக நிற்காது. செரெங்கெட்டியின் தெற்கில் அப்போதும் அவ்வப்போது தூறிக்கொண்டிருக்கும்.

மந்தை ஏன் ஓரிடத்தில் நிற்காமல் சுற்றுகிறது என்பதற்கு மண்ணில்தான் பதில் இருக்கிறது. செரெங்கெட்டியின் தென்கிழக்கில் ஆண்டுக்கு சுமார் 500 மில்லிமீட்டர் மழைதான். வடமேற்கில் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அப்படியானால் மந்தை எப்போதும் வடக்கிலேயே இருக்கலாமே? அங்கேதான் விஷயம். தெற்குச் சமவெளி எரிமலைச் சாம்பல் படிந்த பூமி. ‘ஓல் டொய்ன்யோ லெங்காய்’ என்ற எரிமலை இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. மசாய் மொழியில் ‘கடவுளின் மலை’ என்று பொருள். சாம்பல் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்பு இறுகிப்போன அடுக்கு ஒன்று இருக்கிறது. மரத்தின் வேர் அதைத் துளைத்து இறங்க முடியாது. அதனால் கண்ணுக்கு எட்டிய தூரம் மரமே இல்லாமல் புல் மட்டும்.

அந்தப் புல் கணுக்கால் உயரம்தான் இருக்கும். ஆனால் சுண்ணாம்புச்சத்தும் மணிச்சத்தும் நிறைந்தது. கறக்கிற மாட்டுக்கு நாம் தாது உப்புக் கலவை வாங்கிக் கொடுக்கிறோமே, அது அங்கே புல்லிலேயே இருக்கிறது. பால் சுரக்க வேண்டிய தாய் விலங்குக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. ஒரே குறை, நிரந்தரமான தண்ணீர் கிடையாது. மழை நின்று குட்டைகள் வற்றினால் கிளம்பியாக வேண்டும். வடக்கில் புல் உயரமாக வளரும், சத்து குறைவு. ஆனால் அங்கே மாரா ஆறு கடும் கோடையிலும் ஓடும். ஈரக் காலத்தில் சத்தைத் தேடித் தெற்கே, வறட்சியில் தண்ணீரைத் தேடி வடக்கே. இதுதான் உலகம் முழுக்கப் பேசப்படும் அந்தப் பெரும் வலசை.

விமானத்தில் பறந்து எடுத்த கணக்கெடுப்புகள் பல ஆண்டுகளாக வைல்டுபீஸ்ட் எண்ணிக்கையை சுமார் 13 லட்சம் என்று சொல்லிவருகின்றன. கூடவே லட்சக்கணக்கில் வரிக்குதிரைகளும் கெசல் மான்களும் நடக்கின்றன. வரிக்குதிரை முன்னே போய் முற்றிய தண்டை மேயும். அடுத்து வரும் வைல்டுபீஸ்ட் நடு உயரப் புல்லை வெட்டும். கடைசியில் வரும் கெசல், தரையோடு முளைக்கும் தளிரைக் கொறிக்கும்.

மாதக் கணக்கு

பொதுவாக மந்தை போகும் பாதை இதுதான்:

டிசம்பர் முதல் மார்ச் வரை தெற்குச் சமவெளி. செரெங்கெட்டியின் தென்கோடியும், கொரொங்கொரோ பாதுகாப்புப் பகுதியும் சந்திக்கும் ந்டூட்டு ஏரி வட்டாரம். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை கன்று போடும் காலம்.

ஏப்ரல், மே மாதங்களில் பெருமழை. மந்தை மெல்ல மேற்கும் வடக்கும் நகரும். தங்கும் முகாம்கள் பல மூடிவிடும். மாரா பக்கம் நம்ம ஊர்க் கரிசல் மாதிரியான மண். அதில் மழைக்காலத்தில் டிராக்டர் இறக்கிய அனுபவம் உள்ளவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

ஜூன் மாதம் மேற்கு செரெங்கெட்டியின் குருமெட்டி ஆற்றுப் பக்கம். மே கடைசியும் ஜூனும் காளைகள் மோதிக்கொள்ளும் இனச்சேர்க்கைக் காலம்.

ஜூலை முதல் அக்டோபர் வரை வடக்கு செரெங்கெட்டியும் மாராவும். ஆற்றைக் கடக்கும் காட்சி இப்போதுதான். ஒரே மந்தை பல தடவை அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் போய்வரும்.

நவம்பரில் சிறுமழை வாசம் பட்டதும் தெற்கே திரும்பும் பயணம்.

இதில் ஒவ்வொன்றும் மூன்று நான்கு வாரம் முன்னே பின்னே ஆகலாம். நம் பருவமழையைக் குழப்பும் அதே கடல்தான் அவர்கள் மழையையும் குழப்புகிறது. இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பாதி சூடாகி, கிழக்குப் பாதி குளிர்ந்தால் கிழக்கு ஆப்பிரிக்காவில் சிறுமழை கொட்டித் தீர்க்கும். 2019-ல் அப்படித்தான் வெள்ளம் வந்தது. அதற்கு நேர்மாறாக, 2020 கடைசியிலிருந்து 2022 வரை கென்யாவின் வடக்கிலும் கிழக்கிலும் அடுத்தடுத்து ஐந்து மழைப் பருவங்கள் பொய்த்தன. 2022-ல் பிப்ரவரி முதல் அக்டோபர் வரை கென்யாவில் மட்டும் 205 யானைகள் வறட்சியில் செத்ததாக அந்த நாட்டு அரசே அறிவித்தது. 2024 மே தொடக்கத்தில் பெருமழையில் தலேக் ஆறு உடைத்துக்கொண்டு மாரா முகாம்களுக்குள் புகுந்தது. பயணிகளை ஹெலிகாப்டரில் மீட்டார்கள்.

ஆகவே டிக்கெட் போடும் முன் அந்தப் பருவத்து மழைக் கணிப்பைப் பாருங்கள். நைரோபி அருகே இருக்கும் ‘இக்பாக்’ என்ற வட்டாரக் காலநிலை மையம் ஒவ்வொரு மழைப் பருவத்துக்கு முன்பும் கணிப்பு வெளியிடுகிறது. நாம் விதைக்கும் முன் வானிலை பார்ப்பது போலத்தான் இதுவும்.

மாசி மாதத்துச் சமவெளி

இரண்டாம் பயணத்துக்கு மகன் பணம் கொடுத்தான். ‘‘இந்தத் தடவை அம்மாவையும் கூட்டிட்டுப் போங்கப்பா’’ என்றான். பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்தோம். தான்சானியாவின் அருஷா நகரத்திலிருந்து கொரொங்கொரோ மலையேறி, மறுபக்கம் இறங்கி ந்டூட்டு போனோம். குடைவேல மரம் போலவே விரிந்த முள்மரங்கள் முடியும் இடத்தில் சமவெளி தொடங்குகிறது. தரை முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். தவளைக் கூட்டம் கத்துவது போல மந்தையின் முனகல் இரவும் பகலும் கேட்டுக்கொண்டே இருந்தது.

முதல் நாள் காலையிலேயே ஒரு பசு படுத்து எழுந்து, படுத்து எழுந்து நிலைகொள்ளாமல் இருந்தது. அது கன்று போடப்போகிறது என்று டிரைவருக்கு முன்பே என் மனைவிக்குத் தெரிந்துவிட்டது. பனிக்குடம் உடைந்து, முன்னங்கால் இரண்டும் தெரிந்து, கன்று தரையில் விழுந்தது. எங்கள் தொழுவத்தில் பிறக்கும் கன்று எழுந்து நிற்க முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம்கூட ஆகும். இது சில நிமிடங்களில் தள்ளாடி எழுந்தது. விழுந்தது, மறுபடி எழுந்தது. கொஞ்ச நேரத்தில் தாயோடு ஓடவே ஆரம்பித்துவிட்டது.

‘‘ஏனுங்க, நஞ்சுக்கொடி போட்டுருச்சுங்களா?’’ என்றாள் என் மனைவி. பைனாகுலரை அவள் எனக்குத் தரவே இல்லை.

கன்று ஓடித்தான் ஆக வேண்டும். ஐம்பது அடியில் கழுதைப்புலி ஒன்று உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. கன்று போடும் உச்சத்தில் நாளொன்றுக்கு சுமார் 8,000 கன்றுகள் பிறப்பதாகச் சொல்கிறார்கள். பெரும்பாலான பசுக்கள் இரண்டு மூன்று வாரத்துக்குள் ஈன்றுவிடும். சிங்கமும் கழுதைப்புலியும் சிவிங்கிப்புலியும் எத்தனை தின்றாலும் தின்று தீர்க்க முடியாத அளவுக்கு ஒரே நேரத்தில் பிறப்பதுதான் அவற்றின் காப்பு.

இரண்டாம் நாள் ஒரு கன்று தாயைத் தவறவிட்டுவிட்டது. மந்தை போய்விட்டது. நகர்கிற எதைப் பார்த்தாலும் தாய் என்று நினைத்துப் பின்னால் போவது புதுக் கன்றின் குணம். அது எங்கள் ஜீப்பைப் பின்தொடர்ந்து வந்தது. டிரைவர் சட்டென்று இன்ஜினை அணைத்தார். ‘‘நாம் நகர்ந்தால் இதுவும் வரும். மந்தையை விட்டு இன்னும் தூரமாகப் போய்விடும்’’ என்றார். அரை மணி நேரம் ஆடாமல் உட்கார்ந்திருந்தோம். கன்று வண்டிச் சக்கரத்தை முகர்ந்தது. கன்றைத் தூக்கிக்கொண்டு போய் மந்தையில் விட்டுவிடலாமே என்று என் மனைவி கேட்டாள். கூடாது என்றார் டிரைவர். பூங்கா விதி ஒன்று. அதோடு, மனித வாசம் பட்டால் தாய் சேர்க்குமா என்ற பயம். பிறகு இன்னொரு கூட்டம் அந்தப் பக்கம் வந்தது. கன்று ஓடிப்போய் அதில் கலந்தது. அதன் தாய் அந்தக் கூட்டத்தில் இருந்ததா என்று எங்களுக்குத் தெரியாது. வைல்டுபீஸ்ட் அடுத்தவள் கன்றுக்குப் பால் கொடுக்காது. அன்றைக்கு ராத்திரி என் மனைவி சரியாகச் சாப்பிடவில்லை.

மசாய்க்காரரின் கணக்கு

டிரைவர் கொரொங்கொரோ மலைப் பக்கத்து மசாய் குடும்பத்துப் பிள்ளை. நான் மாடு வைத்திருப்பவன் என்று தெரிந்ததும் என்னை ‘ம்ஸே’ என்று கூப்பிட ஆரம்பித்தார். வயதில் மூத்தவரை மரியாதையாக அழைக்கும் சொல் அது. இவ்வளவு சத்தான புல் இருக்கும்போது உங்கள் மாடுகள் ஒன்றுகூட இங்கே காணோமே என்று கேட்டேன்.

‘‘இந்தக் கன்றுகளின் மூக்கு காயும் வரை எங்கள் மாடு இங்கே இறங்காது ம்ஸே. அப்பா எல்லாவற்றையும் மேட்டுக்கு ஓட்டிப் போய்விட்டார். இறக்கினால் காய்ச்சல் வந்து செத்துப்போகும்’’ என்றார்.

அவர் சொன்ன நோய்க்கு ‘மேலிக்னன்ட் கட்டாரல் ஃபீவர்’ என்று பெயர். ஒரு வகை வைரஸ். பிறந்து மூன்று நான்கு மாதம் வரை வைல்டுபீஸ்ட் கன்றின் கண், மூக்கு ஒழுக்கில் அது வெளிவரும். கன்றுக்கு ஒன்றும் ஆகாது. மாட்டுக்கு வந்தால் கடும் காய்ச்சல், கண் பூத்துப்போதல், மூக்கு வாயில் புண். பெரும்பாலும் பிழைப்பதில்லை, மருந்தும் இல்லை. வைரஸ் என்ற பெயர் கேள்விப்படாத காலத்திலேயே மசாய் மேய்ப்பர்கள் இதைக் கண்டுபிடித்து, கன்று போடும் பருவத்தில் மாட்டை ஒதுக்கி ஓட்டப் பழகியிருக்கிறார்கள்.

அதாவது நாம் ஆசையாகப் பார்க்கப்போகும் அந்த மாதங்களில், இருப்பதிலேயே நல்ல மேய்ச்சலை அவர்கள் காட்டு விலங்குக்கு விட்டுக்கொடுத்துவிட்டு மேட்டில் இருக்கிறார்கள். 1959-ல் செரெங்கெட்டிப் பூங்காவுக்குள் இருந்த மசாய் மக்களை வெளியேற்றியபோது அவர்களுக்காகவும் விலங்குகளுக்காகவும் சேர்த்து உருவாக்கியதுதான் கொரொங்கொரோ பாதுகாப்புப் பகுதி. மாடு மேய்க்கலாம், பயிர் வைக்கக் கூடாது. 2022 முதல் அங்கிருக்கும் குடும்பங்களைத் தொலைவில் உள்ள ம்சோமேரா என்ற ஊருக்கு அரசு இடம் மாற்றிவருகிறது. விருப்பத்தோடு போகிறார்கள் என்கிறது அரசு. கட்டாயப்படுத்துகிறார்கள் என்று மசாய் மக்களில் பலர் எதிர்க்கிறார்கள். எங்கள் டிரைவர் இதைப் பற்றி அதிகம் பேசவில்லை. ‘‘அப்பா போக மாட்டேன் என்கிறார்’’ என்று மட்டும் சொன்னார்.

மாடும் காட்டு விலங்கும் எதிரிகள் என்று நினைத்துவிட வேண்டாம். நம் தாத்தா காலத்தில் பட்டிகளைக் காலி செய்த வெக்கை நோயை மூத்தவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1890-களில் அது கிழக்கு ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து மாடுகளையும், வைல்டுபீஸ்ட், காட்டெருமைகளையும் வாரிக்கொண்டு போனது. மாடுகள் செத்ததால் மசாய் மக்களும் பட்டினியில் மடிந்தார்கள். பிறகு, செரெங்கெட்டியைச் சுற்றியிருந்த மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். கென்யாவில் வேலை பார்த்த வால்டர் ப்ளோரைட் என்ற கால்நடை விஞ்ஞானி உருவாக்கிய தடுப்பூசி இந்தப் போரில் பெரிய ஆயுதம். காட்டு விலங்குக்கு ஒரு ஊசிகூடப் போடவில்லை. மாட்டில் நோய் நின்றதும் காட்டிலும் நின்றது. 1961-ல் சுமார் 2.5 லட்சமாக இருந்த வைல்டுபீஸ்ட், 1977-க்குள் 13 லட்சத்தைத் தாண்டியது. 2011-ல் வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள். இன்றைக்கு நாம் பார்க்கும் அந்தப் பெரும் மந்தை, மாட்டுக்காரர்களின் தொழுவத்தில் போட்ட ஊசியால் பெருகிய மந்தை.

எதைப் பார்க்க ஆசை?

இனி கேள்விக்கு வருவோம். ‘எந்த மாதம்’ என்று கேட்கும் முன் ‘எதைப் பார்க்க’ என்று முடிவு செய்யுங்கள்.

மந்தை ஆற்றைக் கடப்பதைத்தான் பார்க்க வேண்டும் என்றால் ஆகஸ்ட், செப்டம்பர். ஆற்றுப் பக்கத்திலேயே குறைந்தது நான்கைந்து இரவு தங்க வேண்டும். ‘உறுதி’ என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். கடக்கும்போது ஆண்டுக்கு சராசரியாக 6,250 வைல்டுபீஸ்ட் மாரா ஆற்றில் மூழ்கிச் சாவதாக 2001 முதல் 2015 வரையிலான கணக்கை வைத்து ஓர் ஆய்வு சொல்கிறது. முதலையும் கழுகும் மீனும் தின்றது போக, எலும்புகள் ஏழு ஆண்டு வரை மெல்லக் கரைந்து ஆற்றுக்கு மணிச்சத்து கொடுக்கின்றன. எலும்புத்தூளின் அருமை தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

கன்று போடுவதையும், அதைத் தேடி வரும் வேட்டை விலங்குகளையும் பார்க்க பிப்ரவரி. மந்தை ஒரே சமவெளியில் வாரக்கணக்கில் நிற்பதால் தவறவிடும் வாய்ப்பு குறைவு. ஆறு மாதிரி ஒரே துறையில் வண்டிகள் குவிவதும் குறைவு.

வலசை முக்கியமில்லை, சிங்கம், யானை, காண்டாமிருகம் பார்த்தால் போதும் என்றால் கொரொங்கொரோ பள்ளத்தாக்கு ஆண்டு முழுக்க ஏமாற்றாது. இடிந்து விழுந்த எரிமலையின் வயிறு அது. சுமார் 260 சதுர கிலோமீட்டர் தரையில் விலங்குகள் எப்போதும் இருக்கும். விளிம்பில் ஜூலையில் நல்ல குளிர். கம்பளி இல்லாமல் போகாதீர்கள்.

தென் ஆப்பிரிக்காவின் க்ரூகர், ஜாம்பியாவின் தெற்கு லுவாங்வா ஆகிய இடங்களுக்குக் கணக்கே வேறு. அங்கே மழை நவம்பர் முதல் மார்ச், ஏப்ரல் வரை. ஜூன் முதல் அக்டோபர் வரை புதர் இலை உதிர்ந்து, தண்ணீர் சுருங்கி, விலங்குகள் குட்டையைத் தேடி வரும். போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ அதிலும் விசித்திரம். வடக்கே அங்கோலா மலைகளில் பெய்த மழை மாதக்கணக்கில் மெல்ல நடந்து வந்து, உள்ளூர் காய்ந்து கிடக்கும் ஜூன் முதல் ஆகஸ்ட்டில்தான் வெள்ளமாக விரியும். மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வரக் காத்திருப்பவர்களுக்கு இது எளிதாகப் புரியும்.

புறப்படும் முன்

கட்டணத்திலும் பருவம் இருக்கிறது. 2024 முதல் மசாய் மாராவில் வெளிநாட்டவருக்கு ஒரு நாள் நுழைவுக் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். தங்கும் வாடகையும் ஜூலைக்குப் பிறகு ஏறும். பணம் கட்டும்போது நுழைவுக் கட்டணம் சேர்த்தா, சேர்க்காமலா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் குறைந்தது 10 நாள் முன்னதாகப் போட வேண்டும். கென்யா போய்விட்டு அந்தச் சான்று இல்லாமல் திரும்பினால் இங்கே விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்த அதிகாரம் உண்டு. சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். முன்பதிவு செய்துகொள்ளுங்கள். மலேரியாவுக்கு என்ன மாத்திரை என்று டாக்டரிடம் கேளுங்கள். மழைக்காலத்தில் கொசு அதிகம். இரண்டு நாட்டிலும் பிளாஸ்டிக் பை தடை. பையில் வைத்துக் கட்டிய பலகாரத்தைத் துணிப்பைக்கு மாற்றிவிடுங்கள்.

மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. நம்ம ஊரில் போடும் கோமாரித் தடுப்பூசி ஓ, ஏ, ஏசியா-1 ஆகிய வகைகளுக்கானது. ஆப்பிரிக்காவில் ‘சாட்’ என்று வேறு வகைக் கோமாரிகள் உலவுகின்றன. நம் ஊசி அவற்றைத் தடுக்காது. அங்கே மசாய்ப் பட்டிக்குள் போய்ப் பார்த்தால், அந்தச் செருப்பையும் துணியையும் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்துவிட்டு வாருங்கள். நான் அங்கே போட்டிருந்த ஷூவை முகாமிலேயே கொடுத்துவிட்டு வந்தேன். ஊர் திரும்பி ஒரு வாரம் தொழுவத்துப் பக்கம் போகவில்லை. பால் கறந்தது மகன்தான்.

ஒரத்தநாட்டு நண்பருக்கு: உங்கள் சம்பா அறுவடை தையில் முடியும். உளுந்து தெளித்திருந்தால் அதை எடுக்கப் பங்குனி வரை நேரம் இருக்கிறது. இடையில் வரும் மாசிதான் உங்களுக்கு ஓய்வு. அதே மாசியில்தான் செரெங்கெட்டியின் தெற்கில் கன்று போடும் பருவமும். ஏஜென்ட்டிடம் ‘பிப்ரவரி, ந்டூட்டு, நான்கு இரவு, கொரொங்கொரோ ஒரு நாள்’ என்று கேளுங்கள். ‘அது சீசன் இல்லை’ என்று சொன்னால் வேறு ஏஜென்ட்டைப் பாருங்கள். சிறுமழை சரியாகப் பெய்ததா என்று டிசம்பர் கடைசியில் ஒரு முறை விசாரித்துக்கொள்ளுங்கள். நாற்றங்காலை விட்டுவிட்டு ஆகஸ்ட்டில் போக வேண்டாம்.

இரண்டு பைனாகுலர் எடுத்துப் போங்கள்.